கப்பித் தொட்டியில் ஆண், பெண் கணக்கு: புதிதாக வளர்ப்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி

மீன் கடைகளில் கப்பியை ஜோடிக் கணக்கில்தான் விற்கிறார்கள். சென்னை கொளத்தூரின் வண்ண மீன் கடைகளானாலும், சிற்றூர் ஒன்றின் பேருந்து நிலையத்துக்கு அருகிலுள்ள சிறிய கடையானாலும், "ஜோடி என்ன விலை?" என்பதே வாங்க வருபவரின் முதல் கேள்வியாக இருக்கிறது. கடைக்காரரும் வாலை விரித்து நிற்கும் ஓர் ஆணையும், சாம்பல் நிறத்தில் பருத்திருக்கும் ஒரு பெண்ணையும் கைவலையில் அள்ளிப் பையில் இட்டுக் கொடுக்கிறார். ஐந்து ஜோடி வாங்கினால் ஐந்து ஆண், ஐந்து பெண். வீட்டுக்கு வந்த இரண்டாவது வாரத்திலிருந்து பெண் மீன்கள் ஒவ்வொன்றாகச் சோர்ந்து, வடிகட்டியின் பின்னால் ஒதுங்கி, பின்னர் செத்து மிதக்கும்போது தண்ணீர் சரியில்லை என்று எண்ணுபவர்களே அதிகம். தண்ணீரும் காரணமாக இருக்கலாம். ஆனால் பல தொட்டிகளில் உண்மையான காரணம் அந்த ஜோடிக் கணக்குதான்.

ஓர் ஆணுக்கு இரண்டு அல்லது மூன்று பெண் என்ற விகிதம் வளர்ப்பவர்களிடையே நெடுங்காலமாக வழங்கி வருகிறது. அது நல்ல விகிதமே. ஆயினும் வாங்குகிற நாளில் அதைச் சரியாக அமைத்துவிட்டால் வேலை முடிந்துவிட்டது என்று புதியவர்கள் நினைத்துவிடுகிறார்கள். கப்பியின் குட்டிகள் ஏறத்தாழப் பாதி ஆணாகவும் பாதி பெண்ணாகவும் பிறக்கின்றன என்பதால், நீங்கள் எந்த விகிதத்தில் தொடங்கினாலும், யாரும் கை வைக்காவிட்டால், மூன்று நான்கு மாதங்களில் தொட்டி சரிபாதிக் கணக்குக்குத் திரும்பிவிடும். எனவே இந்தக் கட்டுரையின் பெரும்பகுதி வாங்குவதைப் பற்றியதாக இல்லாமல், வாங்கிய பிறகு அந்த விகிதத்தைக் காப்பாற்றுவதைப் பற்றியதாகவே இருக்கும்.

ஆண் ஏன் துரத்துகிறது?

கப்பி முட்டையிடும் மீன் அன்று. பெண்ணின் உடலுக்குள்ளேயே கருவுற்று, உயிருள்ள குட்டிகளை ஈனுகிறது. ஆணின் குதத் துடுப்பு குழல் போல நீண்டு, விந்தைச் செலுத்தும் உறுப்பாக மாறியிருக்கிறது. ஆண் இரண்டு வழிகளில் பெண்ணை அணுகும். ஒன்று, பெண்ணின் முன்னால் வந்து துடுப்புகளை விரித்து, உடலை வளைத்து நடுக்கிக் காட்டுவது; பெண் விரும்பினால் மட்டுமே இது பலிக்கும். மற்றொன்று, பெண் இரை தேடிக்கொண்டிருக்கும்போது பின்பக்கமாக வந்து, அதன் இசைவுக்குக் காத்திராமல் துடுப்பைச் செலுத்த முயல்வது. குட்டி வளர்ப்பில் ஆணுக்கு எந்தப் பங்கும் கிடையாது. ஆகையால் விழித்திருக்கும் நேரத்தின் பெரும்பகுதியை இந்த இரண்டு வேலைகளிலேயே அது கழிக்கிறது.

கப்பியின் தாயகங்களுள் ஒன்றான ட்ரினிடாட் தீவின் ஓடைகளில் இம்மீன்களைப் பல பத்தாண்டுகளாக உயிரியலாளர்கள் ஆராய்ந்து வருகிறார்கள். ஆண்களின் தொல்லை மிகும்போது பெண்கள் இரை தேடும் நேரம் குறைகிறது என்பதை அவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். அதைவிடக் கவனிக்கத்தக்க செய்தி ஒன்று உண்டு. வேட்டை மீன்கள் அதிகமாக உள்ள ஆழமான பகுதிக்குப் பெண்கள் நகர்ந்துவிடுகின்றன. பளிச்சென்ற நிறம் கொண்ட ஆண்கள் அங்கே வர அஞ்சுகின்றன. உயிராபத்தை ஏற்றுக்கொண்டாவது விலகிப் போக வேண்டிய அளவுக்கு அந்தத் தொல்லை பெரியது. இரண்டடிக் கண்ணாடித் தொட்டியில் விலகிப் போக ஆழமும் இல்லை, தூரமும் இல்லை. எனவே துரத்தலைப் பல பெண்களிடையே பகிர்ந்துவிடுவதும், மறைந்து நிற்க இடம் செய்து தருவதும் வளர்ப்பவரின் பொறுப்பாகின்றன.

முதல் படி: குட்டி வேண்டுமா, வேண்டாமா என்று முடிவு செய்யுங்கள்

கடைக்குப் போவதற்கு முன்பே இந்த முடிவை எடுத்துவிட வேண்டும், ஏனெனில் இதைப் பொறுத்தே நீங்கள் வாங்கவேண்டிய மீன்களின் எண்ணிக்கை மாறும்.

குட்டி வேண்டாம், நிறம் மட்டும் போதும் என்பவர்கள் ஆண்களை மட்டும் வளர்க்கலாம். புதியவர்களுக்கு நான் முதலில் பரிந்துரைப்பது இதைத்தான்; விகிதச் சிக்கலே எழாத ஒரே அமைப்பு இது. இரண்டு மூன்று ஆண்களாக வைத்தால் வலியது மெலியதைக் குறிவைத்து வாலைக் கடித்துக் கிழிக்கும். ஆறு அல்லது அதற்கு மேல் வைத்தால் எந்த ஒன்றும் தனித்துக் குறிவைக்கப்படாமல் சீண்டல் பரவலாகிக் குறைந்துவிடும். இப்படிப்பட்ட தொட்டியில் "சும்மா ஒன்றே ஒன்று" என்று ஒரு பெண்ணை மட்டும் சேர்த்துவிடக் கூடாது. ஆறு ஆண்களின் கவனமும் அந்த ஒன்றின் மீதே விழும், அது பல நாள் தாங்காது.

பெண்களை மட்டும் வளர்த்தால் குட்டி பிறக்காது என்று எண்ணுவோர் உண்டு. கடையில் ஆணும் பெண்ணும் ஒரே தொட்டியில் இருக்கின்றன. அங்கிருந்து வரும் வளர்ந்த பெண் ஏற்கெனவே இணைசேர்ந்திருக்கும் என்றே கொள்ள வேண்டும். மேலும், ஒருமுறை பெற்ற விந்தைப் பெண் கப்பி தன் உடலுக்குள் பல மாதங்கள் சேமித்து வைத்து, ஆண் இல்லாமலே அடுத்தடுத்துப் பலமுறை குட்டி ஈனக்கூடியது. ஆகவே பெண்கள் மட்டும் உள்ள தொட்டி என்பது சில வாரங்களில் குட்டிகளும், சில மாதங்களில் இளம் ஆண்களும் உள்ள தொட்டியாகத் தானாகவே மாறிவிடும்.

இரண்டும் கலந்து வளர்க்க விரும்புவோர், பிறக்கப் போகும் குட்டிகளை எங்கே வைப்பது, மிகுதியை யாரிடம் கொடுப்பது என்ற கேள்விக்கு இப்போதே விடை வைத்திருக்க வேண்டும். குறைந்தபட்சம் இன்னொரு சிறிய தொட்டியோ, மொட்டை மாடியில் நிழலான இடத்தில் ஒரு சிமெண்ட் தொட்டியோ இல்லாமல் இந்த வழியில் இறங்க வேண்டாம்.

இரண்டாம் படி: தொட்டியின் கொள்ளளவைக் கணக்கிட்டு எண்ணிக்கையை முடிவு செய்யுங்கள்

தொட்டியின் நீளம், அகலம், உயரம் ஆகியவற்றை அங்குலத்தில் அளந்து பெருக்கி, வருவதை 61ஆல் வகுத்தால் கொள்ளளவு லிட்டரில் கிடைக்கும். 24 அங்குல நீளமும் 12 அங்குல அகலமும் 12 அங்குல உயரமும் உள்ள வழக்கமான இரண்டடித் தொட்டி சுமார் 56 லிட்டர் கொள்ளும். மணல், கல், மேலே விடும் இடைவெளி போக 45 லிட்டர் தண்ணீர் நிற்கும். இதில் 2 ஆண், 5 அல்லது 6 பெண் என்று தொடங்குவது நல்லது. இன்னும் பல மீன்கள் இதில் வாழ இடம் உண்டு என்பது உண்மையே. அந்த இடம் பிறக்கப் போகும் குட்டிகளுக்கானது. 18 அங்குல நீளமும் 10 அங்குல அகலமும் 12 அங்குல உயரமும் கொண்ட ஒன்றரையடித் தொட்டியில் 6 ஆண்களை மட்டும் வைக்கலாம், அல்லது 1 ஆணும் 3 பெண்ணும் வைக்கலாம். உருண்டைக் கண்ணாடிக் குடுவையில் எந்த விகிதமும் பொருந்தாது.

தண்ணீரைப் பற்றி நீட்டிச் சொல்லத் தேவையில்லை. தமிழ்நாட்டின் பல ஊர்களில் குறையாகக் கருதப்படும் கடினமான ஆழ்குழாய்க் கிணற்று நீர், உப்புக் கரிக்காத வரையில், கப்பிக்கு ஏற்றதே. 7 முதல் 8 வரையிலான காரகாடித்தன்மையும் (pH), 24 முதல் 28 டிகிரி செல்சியஸ் வரையிலான வெப்பமும் அதற்கு உகந்தவை. குளோரின் கலந்த குழாய் நீரானால் கடையில் கிடைக்கும் குளோரின் நீக்கியைக் கலந்த பிறகே பயன்படுத்த வேண்டும். புதிய தொட்டியில் மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவைச் சிதைக்கும் நுண்ணுயிர்கள் பெருகப் பல வாரங்கள் ஆகும். அதற்குள் பத்து மீன்களை ஒன்றாக இறக்கினால், துரத்தலால் சோர்ந்த பெண்களே முதலில் சாகும்.

செடிகளில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். தொட்டியின் ஒரு பக்கத்தில் வேலம்பாசியோ ஜாவா பாசியோ கண் ஊடுருவாத அளவுக்கு அடர்ந்திருக்க வேண்டும். மேற்பரப்பில் வேர் தொங்கும் மிதவைச் செடி கொஞ்சம் இருக்க வேண்டும். ஆண் கண்ணால் கண்டுதான் துரத்துகிறது. பார்வை மறைந்தால் துரத்தல் அந்த நொடியில் நிற்கும். ஒரு தொட்டியில் அடர்ந்த செடி செய்யும் நன்மை, இன்னும் இரண்டு பெண்களைச் சேர்ப்பதால் கிடைக்கும் நன்மைக்குக் குறைந்ததில்லை.

மூன்றாம் படி: கடையில் பாலினம் பார்த்து வாங்குங்கள்

வளர்ந்த மீன்களைப் பிரித்தறிவது எளிது. ஆண் 3 சென்டிமீட்டர் அளவில் மெலிந்து, நிறமும் நீண்ட வாலும் கொண்டிருக்கும். பெண் 4 முதல் 6 சென்டிமீட்டர் வரை வளர்ந்து, வயிறு உருண்டு, வாலில் மட்டும் ஓரளவு நிறம் காட்டும். ஆனால் நிறத்தை மட்டும் நம்பக் கூடாது. இக்கால வகைகளில் பெண்களின் வாலும் நன்றாகவே சிவந்தும் நீலமாகவும் இருக்கிறது. இரண்டு அடையாளங்களைப் பாருங்கள். வயிற்றுக்குக் கீழே, குதத்தை ஒட்டியுள்ள ஒற்றைத் துடுப்பு பெண்ணுக்கு விசிறி வடிவில் விரிந்திருக்கும். ஆணுக்கு ஒரு சிறு குச்சியைப் போல வால் பக்கம் நோக்கி ஒடுங்கியிருக்கும். பெண்ணுக்கு அந்தத் துடுப்பின் சற்று முன்னே, வயிற்றின் பின்பகுதியில் கருமையான சினைப்புள்ளி தெரியும். வெளிர் நிறம் கொண்ட ஆல்பினோ வகைகளில் இது கருமையாக இல்லாமல் ஆரஞ்சு நிறமாகவோ இளஞ்சிவப்பாகவோ இருக்கும்.

கடையில் ஏமாற்றம் ஏற்படுவது சிறிய மீன்களில்தான். இரண்டு சென்டிமீட்டர் கூட இல்லாத நிறமற்ற மீனைப் பெண் என்று கொடுப்பார்கள். அது ஒரு மாதம் கழித்து நிறமேறிய ஆணாக நிற்கும். பெண் ஆணாக மாறிவிட்டது என்று வியந்து பேசப்படும் கதைகளில் பெரும்பாலானவை இப்படித் தாமதமாக வளர்ந்த ஆண்களைப் பற்றியவையே. ஆகவே பெண்களை வாங்கும்போது குறைந்தது மூன்று சென்டிமீட்டராவது வளர்ந்தவையாகக் கேட்டு வாங்குங்கள்.

ஜோடியாக மட்டுமே தருவோம் என்று சொல்லும் கடைகள் உண்டு. ஓர் ஆணும் இரண்டு பெண்ணும் சேர்ந்த தொகுதியை "ட்ரையோ" என்று வீட்டில் வளர்த்து விற்பவர்கள் தருகிறார்கள். புதியவர்களுக்கு அதுவே பொருத்தமானது. வாங்கும் பெண்ணின் வயிற்றில் இருப்பவை, பையில் கூடவே வரும் அழகான ஆணின் குட்டிகளாக இருக்கவேண்டும் என்பதில்லை என்பதையும் நினைவில் கொள்ளுங்கள். முதல் இரண்டு மூன்று ஈற்றுகள் வேறு ஏதோ ஓர் ஆணின் சாயலைக் கொண்டு வந்தாலும் கடைக்காரர் மீது குறை சொல்வதற்கில்லை.

வகை கலப்பதிலும் ஒரு சொல். பெரிய வாலும் டம்போ வகையின் அகன்ற பக்கத் துடுப்பும் கொண்ட ஆண்கள் மெதுவாகவே நீந்தும். அவற்றோடு சிறிய வால் கொண்ட நாட்டு வகை ஆணையோ, எண்ட்லர் எனப்படும் நெருங்கிய இன ஆணையோ விட்டால், பெண்களை எட்டிப் பிடிப்பவை அந்தச் சுறுசுறுப்பான சிறிய ஆண்களே. எண்ணிக்கையில் 2 ஆண் என்றாலும், பெண்கள் மீது விழும் தொல்லை 4 ஆணுக்குச் சமமாகிவிடும். குட்டிகளும் கலப்பாகப் பிறக்கும்.

நான்காம் படி: பெண்களை முதலில் விடுங்கள்

பையை மூடியபடியே 15 அல்லது 20 நிமிடங்கள் தொட்டியில் மிதக்கவிட்டு, பிறகு தொட்டி நீரைச் சிறிது சிறிதாகப் பைக்குள் சேர்த்து, மீனை மட்டும் கைவலையால் எடுத்து விடுங்கள். பை நீரைத் தொட்டியில் ஊற்ற வேண்டாம். ஒரே நாளில் ஆண், பெண் இரண்டையும் வாங்க நேர்ந்தால், ஆண்களை நான்கைந்து நாட்கள் வேறொரு வாளியிலோ சிறு தொட்டியிலோ காற்றோட்டத்துடன் வைத்திருங்கள். அதற்குள் பெண்கள் எந்தச் செடிக்குப் பின்னால் ஒதுங்கலாம், எந்த மூலையில் நீரோட்டம் குறைவு என்பதையெல்லாம் பழகிக்கொள்ளும். பயணக் களைப்போடு புது நீரில் தடுமாறும் பெண்ணை முதல் மணி நேரத்திலிருந்தே ஆண் துரத்தும் நிலை இதனால் தவிர்க்கப்படுகிறது.

ஐந்தாம் படி: உணவு நேரத்தில் பத்து நிமிடம் பாருங்கள்

காகிதத்தில் உள்ள விகிதம் தொட்டிக்குள் அப்படியே நடப்பதில்லை. பெண் கப்பி இரண்டு நிலைகளில்தான் ஆணை ஏற்கும் மனநிலையில் இருக்கும்: முதன்முறை இணைசேரும் முன்பும், குட்டி ஈன்ற பின் சில நாட்களும். ஈன்ற பெண்ணின் உடலிலிருந்து நீரில் கலக்கும் வேதிப்பொருளை ஆண்கள் உடனே உணர்ந்துகொள்கின்றன. ஆறு பெண்களும் இரண்டு ஆண்களும் உள்ள தொட்டியில் ஒரு பெண் இன்று காலை ஈன்றிருந்தால், மற்ற ஐந்தும் அங்கே இருந்தும் இல்லாதது போலத்தான்; இரண்டு ஆண்களும் மெலிந்துபோன அந்த ஒன்றையே நாள் முழுவதும் பின்தொடரும். ஆகவே ஈன்ற பெண்ணை இரண்டு மூன்று நாட்கள் தனியே ஒரு பெட்டியில் வைத்து, நன்றாக உணவளித்துவிட்டுத் திருப்பி விடுவது விகிதத்தைக் காப்பதற்கு நிகரான செயல்.

சமநிலை சரியாக இருக்கிறதா என்பதை அறிய உணவு நேரமே சிறந்த தருணம். ஒரு சிட்டிகை உணவைப் போட்டுவிட்டு, ஆண்களை விட்டுவிட்டுப் பெண்களை மட்டும் ஒவ்வொன்றாகப் பாருங்கள். பெண் மேலே வந்து ஒரு துணுக்கைக் கவ்வுகிறது. அடுத்ததை நோக்கித் திரும்பும் முன் பின்னால் ஓர் ஆண் வருகிறது. பெண் வாலை ஒரு சுழற்றுச் சுழற்றி விலகி, மீண்டும் மேலே வந்து உண்கிறது. இது இயல்பானது. ஒரு வாய் கூட உண்ணாமல் திரும்பத் திரும்பக் கீழே ஓடுவதும், உணவு போட்டும் வடிகட்டியின் பின்னாலேயே நிற்பதும், துடுப்புகளை உடலோடு ஒட்டி மடக்கியபடி மேல் மூலையில் அசையாமல் நிற்பதும், வாலின் ஓரம் பிய்ந்திருப்பதும் ஆண்கள் மிகுந்துவிட்டதன் அறிகுறிகள். ஒரே பெண்ணிடம் மட்டும் இவற்றைக் கண்டால் அந்தப் பெண்ணைப் பிரித்து வையுங்கள். இரண்டு மூன்று பெண்களிடம் கண்டால் ஓர் ஆணைப் பிரித்து வையுங்கள்.

ஏப்ரல், மே மாதங்களில் இந்தக் கவனிப்பை இருமடங்காக்க வேண்டும். தொட்டி நீர் 30 டிகிரியைத் தாண்டும்போது அதில் கரைந்திருக்கும் ஆக்சிஜன் குறைகிறது. மீனின் தேவையோ கூடுகிறது. நிறைசினையாக இருக்கும் பெரிய பெண்ணே முதலில் மேற்பரப்பில் வாயைத் திறந்து மூச்சுக்குத் திணறும். அந்த நிலையில் துரத்தலும் சேர்ந்தால் ஒரே பிற்பகலில் இறந்துவிடும். காற்றுப் பம்பை நிறுத்தாமல் ஓடவிடுங்கள். மின்வெட்டு உள்ள ஊரானால் பேட்டரியில் ஓடும் பம்ப் ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். தேவைப்பட்டால் கோடை முடியும் வரை ஆண்களைத் தனித் தொட்டிக்கு மாற்றிவிடுங்கள். அதனால் குட்டி பிறப்பது நிற்கப்போவதில்லை என்பதை முன்பே பார்த்தோம்.

ஆறாம் படி: குட்டிகளின் எண்ணிக்கையை அளவில் வையுங்கள்

சினைக்காலம் ஏறத்தாழ நான்கு வாரங்கள். இளம் பெண் ஐந்தாறு குட்டிகளோடு தொடங்கும். நன்கு வளர்ந்த பெண் 30, 40 என்று ஈனும், சில வேளை அதற்கு மேலும் ஈனும். ஆறு பெண்களுக்குக் கணக்குப் போட்டால் ஒரே மாதத்தில் நூற்றைத் தாண்டிவிடும். எல்லாவற்றையும் காப்பாற்ற வேண்டும் என்ற ஆசை புதியவர்களுக்கு இயல்பாக எழும்; ஒவ்வொரு ஈற்றையும் குட்டிப் பெட்டியில் போட்டுக் காப்பாற்றியவர்களின் தொட்டிகள்தான் ஆறு மாதத்தில் ஆண்களால் நிரம்பிப் போகின்றன. பெரிய மீன்கள் தம் குட்டிகளையே தின்னும். கேட்பதற்குக் கொடூரமாக இருந்தாலும், தொட்டியின் எண்ணிக்கையைக் கட்டுக்குள் வைப்பது அந்தப் பழக்கம்தான். அடர்ந்த பாசிக்குள் ஒளிந்து பிழைப்பவை பிழைக்கட்டும் என்று விட்டுவிடுவதையே நான் விரும்புகிறேன்.

நல்ல ஆணின் வழித்தோன்றல்கள் வேண்டும் என்று குறிப்பிட்ட ஓர் ஈற்றைக் காக்க நினைத்தால், சினைப்புள்ளி கருத்து, வயிறு பக்கவாட்டில் பெட்டி போலச் சதுரமாகத் தெரியும் முன்பே, அதாவது ஈனுவதற்கு ஒரு வாரம் முன்னதாகவே, பெண்ணைச் செடி நிறைந்த தனித் தொட்டிக்கு மாற்றுங்கள். கடைசி நாளில் வலையால் துரத்திப் பிடித்து, கையகலப் பிளாஸ்டிக் பெட்டியில் அடைத்தால், அதிர்ச்சியில் குறைப்பிரசவம் ஆவதுண்டு. குட்டிகளுக்குப் பொடித்த உணவும், முட்டையிலிருந்து புதிதாக வெளிவந்த ஆர்ட்டீமியா என்னும் நுண்ணிய இறால் வகைக் குஞ்சுகளும் நாளுக்கு மூன்று முறை சிறிது சிறிதாகக் கொடுத்தால் போதும்.

ஏழாம் படி: ஐந்தாவது வாரத்தில் ஆண், பெண் பிரித்துவிடுங்கள்

விகிதத்தைக் காப்பாற்றும் முழு வேலையும் இந்தப் படியில்தான் இருக்கிறது; பெரும்பாலானோர் தவறவிடுவதும் இதைத்தான். நிறம் ஏறும் வரை காத்திருந்து பிரிப்பவர்களுக்குக் காலம் கடந்துவிடுகிறது. ஆண் குட்டிகள் ஏறத்தாழ இரண்டு மாதத்தில் இனப்பெருக்கத்துக்குத் தயாராகிவிடுகின்றன. வெப்பமான நம் ஊர்த் தண்ணீரில், நல்ல உணவு கிடைத்தால், அதற்குச் சற்று முன்னதாகவே ஆகலாம். அதன் பிறகு பிரித்தெடுக்கும் பெண் ஒவ்வொன்றும் உடன்பிறந்த ஆணின் விந்தை ஏற்கெனவே ஏந்தியிருக்கக்கூடும்.

குட்டி பிறந்த நாளைத் தொட்டியின் மேல் ஒட்டிய காகிதத்தில் எழுதி வையுங்கள். நான்கு வாரம் ஆனதும் பார்க்கத் தொடங்கலாம். பக்கங்கள் சமதளமாக உள்ள சிறிய கண்ணாடிப் பெட்டியிலோ, இனிப்புக் கடையில் கிடைக்கும் ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் டப்பாவிலோ தொட்டி நீரை நிரப்பி, நாலைந்து குட்டிகளை மட்டும் விட்டு, பின்னால் வெள்ளைக் காகிதம் வைத்து, சன்னல் வெளிச்சத்தில் பக்கவாட்டிலிருந்து பாருங்கள். உருண்டையான கண்ணாடித் தம்ளர் உருவத்தை வளைத்துக் காட்டும் என்பதால் அது உதவாது. கண்ணுக்கு எட்டாவிட்டால் கைப்பேசியில் படம் எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். பெண் குட்டியின் குதத் துடுப்பு முக்கோணமாக விரிந்து, அதன் முன்னால் வயிற்றில் மெல்லிய கரும்புள்ளி தெரியத் தொடங்கியிருக்கும். ஆண் குட்டியின் துடுப்பில் முன்பக்க முள்கள் மட்டும் தடித்து நீண்டு, துடுப்பு முழுதும் ஒரு பக்கமாக ஒடுங்கிக் கூராகிக்கொண்டிருக்கும். முதலில் இந்த ஒடுக்கம்தான் வரும். நிறம் பிறகுதான் வரும்.

துடுப்பு ஒடுங்கத் தொடங்கியவற்றை உடனே ஆண் தொட்டிக்கு மாற்றுங்கள். ஐயமானவற்றைப் பெண்களோடு விடாமல், ஆண்களோடும் விடாமல், தனியே வைத்து ஒரு வாரம் கழித்து மீண்டும் பாருங்கள். தனியே வைக்க இடமில்லை என்றால் ஆண் பக்கமே விடுங்கள். தவறாகப் போன ஒரு பெண் கருவுறும், அவ்வளவே. பெண் தொட்டிக்குள் தவறாகப் போன ஓர் ஆணோ அங்குள்ள அத்தனை பெண்களையும் சினையாக்கிவிடும். இந்தப் பார்வையை வாரம் ஒருமுறை, ஈற்றின் கடைசிக் குட்டி வரை தொடர வேண்டும், ஏனெனில் ஒரே நாளில் பிறந்தவை ஒரே வேகத்தில் வளர்வதில்லை.

எட்டாம் படி: மிகுதியை என்ன செய்வது?

பிரித்தெடுத்த ஆண்களில் கணிசமானவை உங்களுக்குத் தேவைப்படாது. நிறம் நன்றாக வந்தவற்றை மீன் கடைகள் வாங்கிக்கொண்டு, பணமாக இல்லாவிட்டாலும் உணவாகவோ செடியாகவோ ஈடு தரும். சாதாரணமானவற்றைப் பெரிய மீன்களுக்கு இரையாகத்தான் பல கடைகள் எடுத்துக்கொள்ளும்; அதில் மனம் ஒப்பாதவர்கள் கொடுக்கும் முன் கேட்டுக்கொள்வது நல்லது. அக்கம்பக்கத்தில் வளர்ப்பவர்களோடு மாற்றிக்கொள்வதும், மாடியிலுள்ள நீர்த்தொட்டியில் கொசுப்புழு தின்ன விடுவதும் பயனுள்ள வழிகள்.

ஏரியிலோ ஆற்றிலோ ஓடையிலோ மட்டும் விடாதீர்கள். கொசு ஒழிப்புக்காகச் சுகாதாரத் துறையினரே கப்பியைக் கிணறுகளில் விடுகிறார்களே என்று கேட்கலாம். மூடிய கிணறு வேறு, ஓடும் நீர் வேறு. சினையான ஒரே ஒரு பெண் போதும், ஒரு நீர்நிலையில் கப்பி பரவிவிட. மேற்குத் தொடர்ச்சி மலையின் ஓடைகளில் உலகில் வேறெங்கும் இல்லாத சிறு மீன் இனங்கள் வாழ்கின்றன. அவற்றின் இரையிலும் இடத்திலும் பங்குக்கு வர கப்பியை நாம் கொண்டுபோய் விடக் கூடாது.

ஏற்கெனவே விகிதம் கெட்டிருந்தால்

இதைப் படிக்கும்போதே உங்கள் தொட்டியில் எட்டு ஆணும் மூன்று பெண்ணும் இருக்கலாம். கடைக்குப் போய்ப் பதினைந்து பெண்களை வாங்கி வந்து சரிசெய்ய நினைப்பதுதான் முதலில் தோன்றும் வழி. அதுவே மிக மோசமான வழியும் கூட. தொட்டியின் சுமை இருமடங்கைத் தாண்டி நீர் கெடும். இரண்டு மாதத்தில் குட்டிகளால் நிரம்பும். சேர்ப்பதைவிட எடுப்பதே எப்போதும் மேல். முதலில் மூன்று பெண்களையும் வேறு இடத்துக்கு மாற்றி ஓய்வு கொடுங்கள். வேறு தொட்டி இல்லையென்றால், தொட்டியின் நடுவே பிளாஸ்டிக் வலைத் தடுப்பு ஒன்றைக் கண்ணாடியோடு இடைவெளியின்றிப் பொருத்தி இரண்டாகப் பிரித்துவிடுங்கள். பிறகு எட்டு ஆண்களில் ஒன்றைத் தேர்ந்துகொண்டு மற்றவற்றுக்கு வழி செய்யுங்கள். அல்லது மூன்று பெண்களையும் கொடுத்துவிட்டு ஆண் தொட்டியாகவே தொடருங்கள்.

பெண்கள் மிகுந்திருப்பது குறையே அன்று. இரண்டு ஆணுக்குப் பத்துப் பெண் இருந்தால் மீன்களுக்கு எந்தத் துன்பமும் இல்லை. குட்டிகளின் எண்ணிக்கை ஒன்றே உங்கள் கவலை. அதைச் சரிசெய்ய ஆண்களைச் சேர்க்க வேண்டியதில்லை.

ஓராண்டுக்குப் பிறகு

ஆண் கப்பிகள் பெரும்பாலும் பெண்களைவிடச் சீக்கிரம் மூப்படைகின்றன. எனவே வயதான தொட்டியில் ஆண்கள் ஒவ்வொன்றாகக் குறைந்து, விகிதம் பெண்கள் பக்கம் சாயும். அந்த இடத்தை நிரப்ப, தனியே வளர்த்த இளம் ஆண்களிலிருந்து ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம். ஆனால் தலைமுறை தலைமுறையாக உடன்பிறந்தவையே இணைந்தால் குட்டிகள் சிறுத்து, முதுகு வளைந்து, நோய்க்கு எளிதில் ஆளாகும். ஆகவே ஒரு முறை உங்கள் தொட்டி ஆணை வைத்தால், அடுத்த முறை அதே வகையில் வேறொருவரிடமிருந்து ஓர் ஆணை வாங்கி வாருங்கள். பெண்கள் பழகிய ஆண்களைவிடப் புதிய கோலம் கொண்ட ஆணை விரும்பி ஏற்கும் இயல்புடையவை என்பதால், வந்தது விரைவிலேயே தன் பங்கைச் செலுத்திவிடும். புதிய ஆணைச் சேர்க்கும் நாளில் பழைய ஆண் ஒன்றை வெளியே எடுத்துவிடுங்கள். வெளியிலிருந்து வந்ததை முதல் இரண்டு வாரம் தனி வாளியில் வைத்துப் பாருங்கள். உடலில் வெண்புள்ளியோ, ஒட்டிய வயிறோ, மடங்கிய துடுப்போ இல்லை என்று உறுதியான பிறகே பெண்களிடையே விடுங்கள்.